ஆறடி ஆளுக்குக் காதுகுத்து

செங்கோடன் ஆறடிக்குக் கொஞ்சம் மேலே. அவனுடைய தாய்மாமன் குப்பணன், தலைப்பாகையைச் சேர்த்து அளந்தாலும் ஐந்தடி தேறமாட்டார். அந்த மாமன் மடியில் இந்த மருமகன் உட்கார்ந்திருந்தான்.

மொட்டைத் தலையில் சந்தனம். கழுத்தில் மாலை. வலது கால் மடங்காது என்பதால் அதை மட்டும் ஒரு முக்காலியின் மேல் நீட்டி வைத்திருந்தார்கள். எதிரே நின்று பார்த்தால் மாமன் என்று ஒருவர் இருப்பதே தெரியவில்லை. மருமகனின் இடுப்பைச் சுற்றி இரண்டு கறுத்த கைகள் மட்டும் தெரிந்தன.

"சாமி, சித்த முன்னால நவுந்து உக்காரு. மூச்சு முட்டுது" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நவுந்தா உழுந்துருவன் மாமா."

"அப்ப வேண்டாம். நான் செத்தாலும் பரவால்ல, முகூர்த்தம் தப்பக் கூடாது."

பத்தர் ஊசியை வைத்துக்கொண்டு விழித்தார். பாவம், பிறந்து ஒரு வருஷம் ஆன காதுகளையே குத்திப் பழகிய மனிதர். இவன் காதோ வெயிலிலும் காற்றிலும் ஓடி ஓடிக் காய்ந்த காது. ஒரு தரம் அழுத்தினார், போகவில்லை. இரண்டாவது தரம் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். "ஐயையோ, அம்மா!" என்று செங்கோடன் போட்ட கூச்சலில் கோயில் புளியமரத்துக் காக்கையெல்லாம் கிளம்பிவிட்டது.

முழங்காலில் தேங்காய் அளவு வீக்கத்தை வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் முகம் சுளிக்காதவன் அவன். காதுக்கு அழுதான். ஊரே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாக நான்தான் சிரித்தேன். இருபது வயது காலேஜ் மாணவனுக்கு ஏன் காது குத்தினார்கள் என்ற காரணத்தைச் சொன்னால் உங்களுக்கு அவ்வளவு சிரிப்பு வராது.

கோப்பையும் புளியும்

நான் சேலம் நெசவுக் குடும்பத்துப் பையன். எங்கள் வீட்டில் தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினால்தான் சோறு கேட்டு வாங்க முடியும். அப்படி வளர்ந்த குரல். காலேஜ் விளையாட்டுப் போட்டிகளில் தகரக் குழாய் ஒன்றை என் கையில் கொடுத்து ஜெயித்தவர்கள் பேரைக் கூவச் சொல்வார்கள். கொஞ்ச நாளில் குழாய் வேண்டாம், இவன் வாயே போதும் என்று டிரில் மாஸ்டர் பிடுங்கிக்கொண்டார். செங்கோடன் எனக்கு வைத்த பேர் 'தொண்டை'. அவன் என்னை ரங்கன் என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

நான் கூவிய பேரில் பாதி அவன் பேர்தான். மைல் ஓட்டத்தில் அவனுக்குப் பின்னால் வருகிறவன் யார் என்பதுதான் போட்டி. வெறுங்காலில் ஓடுவான். டிரில் மாஸ்டர் எங்கிருந்தோ ஆணி வைத்த பூட்ஸ் தருவித்துக் கொடுத்தபோது திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சார், எருதுக்குத்தானுங்க லாடம் அடிப்பாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

வாங்கிய கோப்பைகளையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோவான். பள்ளிபாளையத்துக்குப் பக்கத்தில் அவன் ஊர். அப்பா நல்லப்பக் கவுண்டர் முதல் கோப்பையை வாங்கிக்கொண்டு நேராகப் பத்தரிடம் போய் உரைத்துப் பார்த்தார். உள்ளே பித்தளை. அன்றோடு காலேஜ் படிப்பின் மேல் அவருக்கு இருந்த மரியாதை போயிற்று. கோப்பையில் அவன் அம்மா பாவாயம்மாள் புளி போட்டு வைத்தாள்.

நல்லப்பக் கவுண்டரைப் பற்றி இன்னொன்று. தண்ணீருக்காக உழுகிற காட்டை அடமானம் வைத்துக் கிணறு வெட்டி, பாறையைக் கண்டுபிடித்தவர் அவர். 'இந்த வருஷம் வெடி வெச்சா தண்ணி வந்துரும்' என்று வருஷா வருஷம் சொல்வார். அவர் வீட்டில் எந்தக் காரியமானாலும் கிணற்றில் தண்ணீர் வந்த பிறகுதான்.

திருச்சியில் ஒரு பந்தயம் ஓடிவிட்டு வந்த பிறகுதான் அந்த முழங்கால் வீங்கிற்று. சுளுக்கு என்றார்கள். எண்ணெய் போட்டு நீவினார்கள். பச்சிலை வைத்துக் கட்டினார்கள். நீவ நீவ வளர்ந்தது. சேலத்து டாக்டர் பார்த்துவிட்டு மதராஸுக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே கொஞ்சம் சதையை எடுத்துப் பார்த்து, புற்றுநோய், எலும்பில் பிடித்திருக்கிறது என்றார்கள். ரேடியம் வைத்துப் பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது, அங்கே சீக்கிரம் சேர்த்தால் பிழைக்கலாம், இல்லாவிட்டால் ஒரு வருஷம் என்றார்கள். அதற்கு ஆகும் செலவைக் கேட்ட நல்லப்பக் கவுண்டர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். விற்கலாம் என்றால் காடு அடமானத்தில் இருந்தது.

உண்டியல் படலம்

காலேஜ் பையன்கள் நாங்கள் விடுவோமா? தகர டப்பாவில் துளை போட்டுக்கொண்டு செவ்வாப்பேட்டையில் இறங்கினோம். என் தொண்டைதான் முன்னால் போயிற்று.

ஒரு மண்டிக்காரர் எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார். தேகப் பயிற்சி உடம்புக்கு எவ்வளவு கெடுதல் என்று வெகுநேரம் பிரசங்கம் செய்தார். "நான் ஓடறேனா? எனக்கு என்ன வந்தது?" என்று தம் தொந்தியைத் தட்டிக் காட்டினார். அந்தத் தொந்திக்கு உள்ளிருந்து காலணா கூட வெளியே வரவில்லை. மாலையில் டப்பாவைத் திறந்தால் சில்லறையும், செல்லாக்காசும், ஒரு சட்டைப் பொத்தானும் இருந்தன. பொத்தானைப் போட்டவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால்!

சரி, பட்டணத்துக்காரர்கள் அப்படித்தான், சொந்த ஊர் கைவிடாது என்று அவன் ஊருக்குப் போனோம். ஊர் எங்களை ராஜ உபசாரம் செய்தது. ஒரு வீட்டில் கோழி அடித்தார்கள். இன்னொரு வீட்டில் ராகி மூட்டை கொடுத்தார்கள். செக்கு வைத்திருந்த பொன்னுசாமி, முழங்காலில் தடவுவதற்கு என்று ஒரு குடம் நல்லெண்ணெயே கொடுத்தார். காசு மட்டும் ஒருவரும் கொடுக்கவில்லை.

"காசு வேணும் ஐயா, காசு" என்று பொன்னுசாமியிடம் கெஞ்சினேன்.

"தம்பி, நீங்க படிச்சவிங்க. நோவுக்குக் காசு குடுத்தா, அந்த நோவு காசு வந்த தடத்தப் புடிச்சுக்கிட்டு குடுத்தவன் ஊட்டுக்கே வந்துருமுங்க. ஊடுன்னா பொண்டு புள்ள இருக்குதுங்கல்லோ?"

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் குடத்தை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். 'கொங்குநாட்டாரைக் குறை சொல்கிறாயே' என்று ஏதாவது ஒரு வாசகர் கடுதாசி போடுவார். போடட்டும். என் பெண்ணை அந்தப் பக்கம்தான் கட்டிக் கொடுத்திருக்கிறேன், குறை சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டு.

பாவாயம்மாள் கேட்டாள்

வெறுங்கையோடு செங்கோடன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். நல்லப்பக் கவுண்டர் கிணற்றைப் பற்றி ஏதோ முனகினார். அதுவரைக்கும் அடுப்படியிலிருந்து வெளியே வராத பாவாயம்மாள் கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, கண்ணாலம், சீரு, கெடாவெட்டுன்னு ஒரு ஊடு உடாமப் போயி மொய் வெச்சீங்களே. நம்மூட்டுல ஒரு நல்ல காரியம்னு நாலு பேரக் கூப்புட்டமா?"

"கெணத்துல தண்ணி வரட்டும்னு..."

"கெணத்துல தண்ணி வாரக்குள்ள பையன் போயிருவானுங்க! இவனுக்குக் காது இன்னும் மூளியாத்தான் கெடக்குது. குலசாமிக்கு நேந்தது அப்படியே நிக்குது. காது குத்துங்க. ஊரக் கூப்புடுங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. எங்கள் பக்கத்து மொய் வேறு. அந்தப் பக்கத்தில் மொய் என்றால் தானம் அல்ல, தருமமும் அல்ல. நீ என் வீட்டு விசேஷத்தில் வைத்ததை நான் உன் வீட்டு விசேஷத்தில் திருப்பி வைக்க வேண்டும். அதற்கு மேலே கொஞ்சம் கூட்டியும் வைக்க வேண்டும். அந்தக் கூடுதலை நீ இன்னொரு நாள் எனக்குத் திருப்ப வேண்டும். வாங்குகிறவன் தலை குனிய வேண்டியதில்லை. வைக்காதவன்தான் ஊரில் தலை காட்ட முடியாது. நோய்க்கு நீட்டிய கையில் காசு போட மாட்டார்கள். காதுகுத்துக்குப் போடாமல் இருக்க மாட்டார்கள்.

விருந்துக்கு ஆகும் செலவை நல்லப்பக் கவுண்டர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். அதற்குள் அடுத்த ஊருக்கு ஆள் போய்விட்டது. ஒரு எருது விவகாரத்தில் மைத்துனரோடு பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத குப்பணன், அன்று சாயங்காலமே வந்து இறங்கினார். "கெடா நான் தாரேன். அரிசி நான் தாரேன். ஆனா என்ற மடியில உக்கார வெச்சுத்தான் காது குத்தோணும். அதுல மாத்தமில்ல" என்றார்.

செங்கோடன் ஒரேயடியாக மறுத்தான். "காலேஜ் பசங்க சிரிப்பானுவம்மா!"

"நாங்க இப்பவே சிரிச்சாச்சுடா" என்றேன் நான். அது பொய்யில்லை.

பந்தலில்

காது குத்தியாகிவிட்டது. குப்பணனை மருமகனுக்கு அடியிலிருந்து உருவி எடுத்து, தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். மொய் ஆரம்பமாயிற்று. பேரையும் தொகையையும் கூவுகிற வேலை எனக்கு. பெரிய தொகைக்குச் சும்மா கூவினேன். சின்னத் தொகைக்கு, ஆற்றங்கரை வரைக்கும் கேட்கட்டும் என்று முழுத் தொண்டையில் கூவினேன். இதைக் கவனித்துவிட்டு, வரிசையில் நின்ற சிலர் மடியை அவிழ்த்து இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனாலும் போதாது. நல்லப்பக் கவுண்டர் ஊரெல்லாம் வைத்த மொய் சிக்கன மொய். திரும்பி வந்ததும் சிக்கனமாகத்தான் வந்தது. மேலே கூட்டி வைக்க வேண்டியதை எல்லோரும் பேருக்கு வைத்தார்கள். தாம்பாளத்தில் இருந்ததை நான் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன்.

அப்போது செக்குப் பொன்னுசாமி வந்தார். முன்னால் தம் வீட்டில் வாங்கியதை அப்படியே வைத்தார். மேலே ஒன்றும் இல்லை. கூவினேன். பக்கத்தில் நின்ற யாரோ, "என்னுங்க, மேல வெக்கலீங்களா?" என்று குத்தினார்கள்.

பொன்னுசாமி திரும்பினார். "இருக்கறதச் சொல்றன், ஆரும் கோவிச்சுக்காதீங்க. மேல எதுக்கு வெக்கறோம்? நாளைக்கு நம்மூட்டுக் காரியத்துக்குத் திரும்பி வரும்னுதான? இந்தப் பையனுக்கு வந்திருக்கற நோவு என்னான்னு எல்லாருக்கும் தெரியும். ஆரு வந்து திருப்பி வெக்கறது?"

அவர் கெட்டவர் இல்லை. எல்லோர் வயிற்றுக்குள்ளும் இருந்ததை அவர் வாய் சொல்லிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் பாவாயம்மாளின் முகத்தைப் பார்த்தபோது, அந்த ஆளை எட்டி உதைக்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

செங்கோடன் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். இரண்டு காதுகளிலும் ரத்தம் இன்னும் காயவில்லை. வலது கால் தரையில் ஊன்றவில்லை.

"நான் வெப்பனுங்க."

பொன்னுசாமியைப் பார்த்தே சொன்னான்.

"உங்க பொண்ணு கண்ணாலத்துக்கு நானே வாரேன். எனக்குப் பதிலா அப்பனத் தாட்டி உட மாட்டன். என்ற கையால வெப்பன். இங்க ஆரு ஆரு வெக்கறீங்களோ, அவிங்க அத்தன பேரு ஊட்டுக்கும் வருவன். வெக்காம சாவ மாட்டன்."

பொன்னுசாமி தாம்பாளத்துக்கு முன்னால் திரும்பி வந்தார். பிறகு மடியை அவிழ்த்தார். செக்குக்காரர் மடியில் அவ்வளவு காசு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. முழுவதையும் தாம்பாளத்தில் கொட்டினார். "எண்ணிச் சொல்லு தம்பி, கேக்கட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது மாதிரி நான் எங்கும் பார்த்ததில்லை. ஒரே விசேஷத்தில் ஒருவன் இரண்டு தரம் மொய் வைக்கிற வழக்கம் கிடையாது. அன்று வைத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் எச்சில் கையைக் கழுவிக்கொண்டு மறுபடியும் வரிசைக்கு வந்தார்கள். தறிக்காரர் ஒருவர் காசில்லாமல் புது வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். நல்லப்பக் கவுண்டர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். என் தொண்டை கட்டிப்போனது. இரண்டு நாள் சைகையில்தான் பேசினேன், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பரம சந்தோஷம்.

மதராஸில்

மதராஸுக்கு நாங்கள் நாலு பேர் போனோம்: செங்கோடன், அவன் அப்பா, மாமன், நான். இங்கிலீஷ் பேச ஆள் வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டார்கள்.

பெரிய டாக்டர் சோதித்துப் பார்த்தார். ரேடியம் உண்டு, ஆனால் முதலில் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட வேண்டும் என்றார். அதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரு தரம் என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள்.

செங்கோடன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "கால வெட்டறதுக்கா ஊரே மொய் வெச்சுது? வேண்டாம். என்னால ஓடாம இருக்க முடியாதுடா, தொண்டை. ஊருக்குப் போயர்லாம். இருக்கற வரைக்கும் ரெண்டு காலோட இருந்துட்டுப் போறேன்."

ஒரு நாள் முழுக்க அதே பேச்சு. சாப்பாடு இறங்கவில்லை. நல்லப்பக் கவுண்டர் மகன் காலைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவரும், "போலாம் சாமி. உன்ற இஷ்டம். மொய்ய நான் திருப்பி வெச்சுக்கறன், நீ அத நெனைக்காத" என்றார்.

அவ்வளவுதான், குப்பணன் ஸ்டூலை விட்டுக் குதித்தார்.

"மாப்ள, கம்முனு இருங்க! மொய் உங்க பேருலயா உழுந்துது? இவம் பேருல உழுந்துது. பந்தக்காலப் புடிச்சுக்கிட்டு, நானே வாரேன், என்ற கையால வெப்பன்னு எகிறுனது ஆரு? ஏன்டா, உன்ன நம்பி மடியக் கொட்டிப்போட்டு நிக்கறானுவ, இப்பச் செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டா என்ன அர்த்தம்? ஓடிப் போயித்தான் மொய் வெக்கோணும்னு எவன்டா சொன்னான்? நொண்டிக்கிட்டுப் போயி வெச்சா வாங்க மாட்டாங்களா? காலில்லாதவன் வெக்கலாம்டா. செத்தவன் வெக்க முடியாது!"

பக்கத்துக் கட்டில் நோயாளியெல்லாம் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். செங்கோடன் தோள் குலுங்கிற்று. அழுகிறான் என்று நினைத்தேன். திரும்பினான், சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறிவிட்டது. மாமன் கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவன் தலையைத் தம் மடியில் வைத்துக்கொண்டார். நான் வராந்தாவுக்குப் போய் நன்றாக அழுதேன்.

"தொண்டை, போயி டாக்டரக் கூப்புடு" என்று உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது.

ஆபரேஷன் முடிந்ததும் குப்பணன் என் சட்டையைப் பிடித்தார். வெட்டிய காலை வாங்கிக் கொடு, ஊருக்குக் கொண்டுபோய் முறையாக அடக்கம் பண்ண வேண்டும் என்றார். காலேஜில் எனக்கு இங்கிலீஷ் பரீட்சை வைத்த மகானுபாவர்கள் யாரும் இந்த வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்ததில்லை. தட்டுத் தடுமாறிச் சொன்னேன். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய்ச் சிரித்தார். கால் கிடைக்கவில்லை. ரேடியம் வைத்து முடித்து, செங்கோடன் கக்கத்தில் ஊன்றும் கைக்கட்டையோடு ஊர் வந்து சேரச் சில மாதம் ஆயிற்று. மறுபடியும் வராது என்று டாக்டர்கள் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றுதான் சொன்னார்கள்.

வரிசை

அதற்கு அடுத்த தை மாதம் செக்குப் பொன்னுசாமி மகளுக்குக் கல்யாணம். மொய் கூவ என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

வரிசை நீளமாக இருந்தது. அதன் கடைசியில் செங்கோடன் வந்து நின்றான். வெள்ளை வேட்டியில் ஒரு பக்கம் மடித்துச் செருகியிருந்தது. காதில் கடுக்கன். ஊர்க் கடைகளுக்குக் கணக்கு எழுதிச் சேர்த்த காசை மடியில் கட்டிக்கொண்டு தனியாக வந்திருந்தான். அவனைப் பார்த்ததும் எல்லோரும் விலகி வழிவிட்டார்கள்.

"ஏனுங்க, நான் வரிசையில வரக் கூடாதுங்களா?" என்று அதட்டினான். விலகியவர்கள் மறுபடி வந்து நின்றுகொண்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கைக்கட்டையை ஊன்றி ஊன்றி, ஒவ்வோர் ஆளாக முன்னேறி வந்தான்.

தாம்பாளத்துக்கு முன்னால் வந்தபோது பொன்னுசாமியே ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் சாமி. நீ வந்ததே போதும். பொழச்சு வந்து நிக்கறயே, எனக்கு அதுவே மொய்யி. காச மடியில வெய்யி."

செங்கோடன் கையை உருவிக்கொண்டான். அவன் முகம் சிவந்துவிட்டது.

"வெய்யிங்கறீங்களா? இதா நிக்கறவிங்க அத்தன பேருகிட்டயும் வாங்கறீங்கல்லோ? என்கிட்ட மட்டும் வேண்டாம்னா, நான் செத்துட்டன்னுதானுங்க அர்த்தம்?"

பொன்னுசாமி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தாம்பாளத்தை இரண்டு கையாலும் எடுத்து அவனுக்கு முன்னால் நீட்டினார். செங்கோடன் வைத்தான். அவர் வைத்திருந்தது முழுவதையும் வைத்தான். அதற்கு மேலேயும் கொஞ்சம் வைத்தான்.

பிறகு என் பக்கம் திரும்பி, "என்னடா பாத்துக்கிட்டு நிக்கற? சத்தமாச் சொல்லு" என்றான்.

சொன்னேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஈரோட்டில் கேட்டிருக்கும்.